கப்பல் பெயரைத் தட்டினால் தாத்தா வரமாட்டார்: கடற்படைப் பதிவுத் தளங்கள், ஒரு மதிப்பீடு

"தாத்தா ஹூட் கப்பலில் இருந்தாராம்." பெரும்பாலான தேடல்கள் இந்த ஒற்றை வரியில்தான் ஆரம்பிக்கின்றன. உடனே தேடுபொறியில் கப்பலின் பெயரைப் போடுவார்கள். பீரங்கியின் வாயகலம் முதல் கப்பல் கிடக்கும் ஆழம் வரை எல்லாம் வந்து கொட்டும், தாத்தாவைத் தவிர. பிரிட்டனின் ராயல் நேவி மாலுமிகளின் பணிப் பதிவை ஆள்வாரியாக வைத்ததுதான் காரணம். ஆளுக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் அவர் ஏறி இறங்கிய கப்பல்கள் வரிசையாக. ஆகவே ஆளைப் பிடித்தால் கப்பல் கிடைக்கும். கப்பலைப் பிடித்தால் ஆள் கிடைப்பது அபூர்வம். கீழே உள்ள தளங்களையும் காப்பகங்களையும் இந்த ஒரு அளவுகோலால்தான் எடைபோட்டிருக்கிறோம்: ஆளிலிருந்து கப்பலுக்குப் போக எது எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது?

எந்தத் தளத்துக்கும் போகுமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. கிடைக்கக்கூடியவற்றில் தங்கம் என்றால் 'சர்டிபிகேட் ஆஃப் சர்வீஸ்' என்ற மடித்த தடித்த தாள்தான். பணி எண், பிறந்த தேதி, உடல் அடையாளம், கப்பல்கள், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று போட்ட நடத்தை மதிப்பு, எல்லாம் அதில் இருக்கும். 'விஜி' என்றால் மிக நன்று. தாளின் ஒரு மூலை வெட்டப்பட்டிருந்தால் எலி கடித்தது என்று விட்டுவிட வேண்டாம். கெட்ட நடத்தை என்று சொல்லியோ அவமானத்தோடோ வெளியேற்றப்பட்டவரின் தாளில் அந்த மூலையை வெட்டிவிட வேண்டும் என்று படிவத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கதியை அந்த மூலை சொல்லிவிடும்.

பதக்கங்களை நம்பி அதிகம் செலவழிக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்கான 1939–45 ஸ்டார், அட்லாண்டிக் ஸ்டார், வார் மெடல் போன்றவற்றைப் பிரிட்டன் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தது. முதல் போரின் பதக்கங்களில் பெயரும் எண்ணும் உண்டு. நீண்ட பணிக்கும் நன்னடத்தைக்கும் தந்த பதக்கம் மட்டும் தனி ரகம்: அதன் விளிம்பில் எண், பெயர், பதவி, கப்பல் நாலும் இருக்கும். பூதக்கண்ணாடி போதும்.

புகைப்படத்தில் தொப்பி நாடாவைப் பாருங்கள். கப்பல் பெயர் முழுதாக இருந்தால் பெரும்பாலும் 1939க்கு முந்தைய படம். போர் மூண்டதும் பாதுகாப்பு கருதிப் பெயரை எடுத்துவிட்டு வெறும் 'ஹெச்.எம்.எஸ்.' மட்டும் போட்ட நாடாவைக் கொடுத்தார்கள். இடக்கையில் ஒற்றை நங்கூரம் இருந்தால் லீடிங் பதவி (பெட்டி ஆபீசருக்கு ஒரு படி கீழே). குறுக்கிட்ட இரண்டு நங்கூரமும் மேலே கிரீடமும் இருந்தால் பெட்டி ஆபீசர். கீழே உள்ள பட்டைகள் நன்னடத்தைக்கானவை: 3, 8, 13 ஆண்டுகளுக்கு ஒவ்வொன்று. மூன்று பட்டையோடு நிற்பவர் போருக்காகத் திடீரென்று சேர்ந்தவராக இருக்க முடியாது, பணியில் ஊறியவர். வலக்கையில் இருப்பது தொழில் அடையாளம். உந்துவிசிறி என்றால் இயந்திர அறை, இறக்கையும் மின்னலும் என்றால் தந்தி, குறுக்குக் கொடிகள் என்றால் சிக்னல்.

இதையெல்லாம் பார்ப்பது ஒரே ஒரு காரியத்துக்காக: பணி எண். பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும், எண் ஒருவருக்குத்தான். அதுவும் ராயல் நேவி எண் பேசும் எண். 'பி/ஜேஎக்ஸ்' என்று தொடங்கினால் முதல் எழுத்து தாய்த்துறைமுகம்: பி என்றால் போர்ட்ஸ்மவுத், டி என்றால் டெவன்போர்ட், சி என்றால் சாட்டம். அடுத்த எழுத்து வேலை: ஜே தளத்து மாலுமியும் சிக்னல்காரரும், கே ஸ்டோக்கர் எனப்படும் கொதிகலன் அறை ஆள், எல் அதிகாரிகளின் பணியாளும் சமையல்காரரும், எம் தச்சர் முதல் மருத்துவ உதவியாளர் வரை மற்ற எல்லாரும். கூடவே எக்ஸ் இருந்தால் 1925 அக்டோபரில் வந்த புதிய சம்பள விகிதத்துக்குப் பிறகு சேர்ந்தவர். 'இ/எல்எக்ஸ்' என்று இருந்தால் மால்டாவில் சேர்க்கப்பட்ட பணியாள். கடற்படையோடு செல்லும் போர்வீரர்களான ராயல் மரைன்களின் முன்னெழுத்து வேறு. பிஎல்ஒய், பிஓ, சிஹெச் என்று போகும். எண்ணை எழுதும்போது இந்த முன்னெழுத்தை விட்டுவிடுவதுதான் தேடுபவர்கள் செய்யும் முதல் தவறு. எண் மட்டும் ஒன்றாக இருந்து வேலையைக் குறிக்கும் எழுத்து வேறானால் ஆளும் வேறு.

இனி தளங்கள். போரில் இறந்தவரைத் தேடுகிறீர்கள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம்தான் முதல் வாசல். 1917இல் தொடங்கிய அமைப்பு; தளம் முழுக்க இலவசம். இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் அடக்கம். தேடும் முறையில் மட்டும் ஒரு சூட்சுமம். பெயரில் தொடங்காமல் இறந்த தேதியில் தொடங்குங்கள். கப்பல் மூழ்கிய நாளைப் போடுங்கள்: ஹூட் என்றால் 1941 மே 24, ராயல் ஓக் என்றால் 1939 அக்டோபர் 14, பார்ஹாம் என்றால் 1941 நவம்பர் 25, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் இரண்டும் 1941 டிசம்பர் 10. தேதியைப் போட்டு, படைப்பிரிவில் கடற்படையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், எழுத்துப் பிழையோடு ஏறிய பெயரும் பட்டியலில் சிக்கிவிடும். முடிவுகளை அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். கடலில் உடல் போனவர்களின் பெயர் தாய்த்துறைமுகத்தின் நினைவுச்சின்னத்தில் இருக்கும்: போர்ட்ஸ்மவுத், பிளைமவுத் (டெவன்போர்ட் இருக்கும் ஊர்), சாட்டம். எண்ணின் முதல் எழுத்தும் நினைவுச்சின்னமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தாலே பாதிச் சரிபார்ப்பு முடிந்தது. 'கூடுதல் தகவல்' கட்டத்தில் பெற்றோர், மனைவி, ஊர் இருந்தால் அதிர்ஷ்டம். பலருக்கு அந்தக் கட்டம் காலி, குடும்பத்தார் படிவத்தை நிரப்பி அனுப்பினால்தானே அது நிறையும்.

இதன் குறை வெளிப்படை: உயிரோடு திரும்பியவர் இதில் வரமாட்டார். ஹூட்டில் 1,418 பேரில் பிழைத்தது மூன்றே பேர். ஆனால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸிலும் ரிப்பல்ஸிலும் மாண்டவர்கள் 840 பேர். அதைவிட இரு மடங்குக்கும் மேல் தப்பினார்கள். அவர்களுக்கு அடுத்த வாசலைத் தட்ட வேண்டும்.

அந்த வாசல் லண்டனின் மேற்கே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். 'டிஸ்கவரி' என்ற அதன் அட்டவணையை வீட்டிலிருந்தே தேடலாம். கடற்படைக்கான பெரும்பாலான வரிசைகள் ஏடிஎம் என்று தொடங்கும் (பணம் எடுக்கும் ஏடிஎம்மோடு சம்பந்தமில்லை, கடற்படையை நடத்திய அட்மிரால்டி துறையின் சுருக்கம்). மாலுமிகளின் பணிப் பதிவேடு ஏடிஎம் 188. அதிகாரிகளுக்கு ஏடிஎம் 196. ஏடிஎம் 188 என்பது 1923 வரை சேர்ந்தவர்களுக்கு; முதல் போரின் ஜட்லண்ட் கடற்சண்டையில் இருந்தவரைத் தேடுபவருக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. இருபத்தைந்து வருட வாழ்க்கை ஒரே பக்கத்தில் மூச்சு முட்ட எழுதப்பட்டிருக்கும். எழுத்தரின் கை மாறுவதும் மை மாறுவதும்கூடத் தெரியும்.

அந்தப் பக்கத்தைப் படிக்கத்தான் பொறுமை வேண்டும். இடப்பக்க வரிசையில் கப்பல், அடுத்து பதவி, அடுத்து எந்த நாள் முதல் எந்த நாள் வரை, பிறகு நடத்தை, கடைசியில் வெளியேறிய காரணம். அந்தக் கடைசிக் கட்டத்தில் 'டிடி' என்றால் பணியில் இறந்தார். 'ரன்' என்றால் ஓடிப்போனார். ஓட்டப்பந்தயம் என்று எடுத்துக்கொண்டு பெருமைப்பட்டவர்களும் உண்டு. 1928 வாக்கில் வரி நின்றுவிட்டால் ஆள் விலகிவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. பதிவேடு நின்று அட்டைக்கு மாறிய காலம் அது; மீதியை ஏடிஎம் 362, 363 வரிசைகளில் தேட வேண்டும்.

அதிகம் பேர் இடறி விழும் பள்ளம் கப்பல் பெயர்தான். பக்கத்தில் 'விக்டரி' என்று பார்த்ததும் தளபதி நெல்சனின் புகழ்பெற்ற கப்பலில் தாத்தா இருந்தார் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். விக்டரி என்பது போர்ட்ஸ்மவுத் கடற்படைக் குடியிருப்புக்கு அன்று இருந்த பெயர். கரையில் இருக்கும் கட்டடம். பிரிட்டிஷ் முறையில் சம்பளக் கணக்கு ஏதாவது ஒரு கப்பலின் பேரேட்டில் இருந்தாக வேண்டும். அதனால் கரைத்தளத்துக்கும் கப்பல் பெயர் வைத்தார்கள். பெம்புரோக் என்றால் சாட்டம். டெவன்போர்ட்டுக்கு 1934 வரை விவிட், அதன்பிறகு டிரேக். கேஞ்சஸ் சிறுவர் பயிற்சிப் பள்ளி, எக்ஸலன்ட் பீரங்கிப் பள்ளி, வெர்னன் டார்பிடோப் பள்ளி. சிங்கப்பூரில் சுல்தான், கொழும்பில் லங்கா, திருகோணமலையில் ஹைஃபிளையர் எல்லாமே கரைதான். இரண்டு கடல் பணிகளுக்கு நடுவே சில வாரம் விக்டரி, சில வாரம் டிரேக் என்று வந்தால் அது விடுப்பும் அடுத்த கப்பலுக்கான காத்திருப்பும். அதை நீக்கிவிட்டு மீதியைப் படித்தால் உண்மையான கப்பல் வாழ்க்கை துலங்கும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. பேட்டில்ஷிப் எனப்படும் பெரும் போர்க்கப்பலின் பெயர் பக்கத்தில் இருக்கும், ஆள் அதில் வேலை செய்திருக்க மாட்டார். பெரிய கப்பலோடு இணைக்கப்பட்ட சிறு துணைப் படகுகளின் ஆட்கள் கணக்கும் பெரிய கப்பலின் பேரேட்டில்தான் ஏறும். கப்பல் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர் இருந்தால், நிஜமாக இருந்த இடம் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் வாய்ப்பே அதிகம்.

இரண்டாம் போருக்குக் காப்பகத்தின் நிலை அவ்வளவு சுகமில்லை. அந்தக் காலத்துப் பணிக் கோப்புகள் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்தன. 2022 முதல் மெல்ல மெல்லக் கியூவுக்கு மாறி வருகின்றன. எனவே விண்ணப்பிக்குமுன் பிரிட்டிஷ் அரசின் தளத்தில் அந்த ஆளின் கோப்பு இப்போது யார் கையில் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தவறான கதவுக்கு அனுப்பினால் மாதங்கள் வீண். பிறந்து 115 ஆண்டு ஆகாதவரின் கோப்பு என்றால் இறப்புச் சான்று இணைக்க வேண்டும். முழுப் பெயர், பிறந்த தேதி, முன்னெழுத்தோடு பணி எண், மூன்றும் ஒன்றாகப் போனால் வேலை சுலபம். பிறந்த தேதியில் ஒரு எச்சரிக்கை: வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் நிறைய. குடும்பத்துக்குத் தெரிந்த ஆண்டு கிடைக்கவில்லை என்றால் ஓரிரண்டு ஆண்டு முன்னால் போட்டுப் பாருங்கள்.

கப்பலைப் பற்றிய கோப்புகளுக்குக் கியூவை நேரில் போய்ப் பார்ப்பதே மேல். வாசகர் அட்டை இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும். சொந்தக் கேமராவில், ஃபிளாஷ் இல்லாமல், எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நகலுக்கு எழுதிக் கேட்டால் எத்தனை பக்கம் என்று எண்ணிச் சொல்லவே தனிக் கட்டணம் பிடிப்பார்கள். தடித்த கோப்புக்கு இது கட்டுப்படியாகாது. கப்பலின் நாள்குறிப்பு ஏடிஎம் 53. பெரிய கப்பல்களுடையவை நின்றன; நாசகாரிக் கப்பல்கள் போன்ற சிறியவற்றின் போர்க்கால நாள்குறிப்புகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிட்டன. அந்த வகையில் பேட்டில்ஷிப்காரர்களின் பேரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அதில் ஆட்களின் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான்: காற்று, திசை, வேகம், எண்ணெய் ஏற்றியது, கப்பல் தளம் கழுவியது. தாத்தா ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் கையில் இருந்தால் அந்த மாதங்களை மட்டும் கேட்டு வாங்கலாம். மூழ்கிய கப்பலின் கடைசி நாள்குறிப்பு கப்பலோடு போயிருக்கும். அதற்குப் பதில் விசாரணைக் கோப்பு. ஹூட்டுக்கு ஏடிஎம் 116/4351, ராயல் ஓக்குக்கு ஏடிஎம் 199/158. காணாமல் போனவர்களைப் பற்றி அட்மிரால்டி விசாரித்த கடிதங்கள் ஏடிஎம் 358இல்.

அதிகாரியைத் தேடுபவருக்கு இத்தனை அலைச்சல் வேண்டாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் 1939–45 காலத்து 'நேவி லிஸ்ட்' என்ற அதிகாரிகள் பட்டியல் தொகுதிகளை வருடி இலவசமாகப் போட்டிருக்கிறது. அகரவரிசையில் பெயரைப் பிடித்து, அதன் பக்கத்தில் உள்ள எண்ணைக் கொண்டு கப்பல் பகுதிக்குப் போனால் அந்தக் கப்பலின் அதிகாரிகள் மொத்தமும் ஒரே இடத்தில். மாலுமிகளின் பெயர் இதில் கிடையாது. எழுத்துணரி மென்பொருளை நம்பித் தேடாமல் பக்கத்தைப் புரட்டுங்கள்; பொடி எழுத்தில் எட்டும் மூன்றும் அதற்கு ஒன்றுதான்.

நேவல்-ஹிஸ்டரி.நெட் பார்க்க ஏதோ இருபது வருடத்துக்கு முந்தைய தளம் போல இருக்கும். தோற்றத்தைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். ராயல் நேவியில் இறந்தவர்களை நாள்வாரியாகவும் பெயர்வாரியாகவும் பதவி, எண், கப்பலோடு தந்திருக்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் 'எம்பிகே' என்றால் காணாமல் போய், இறந்ததாகக் கொள்ளப்பட்டவர். 'டிஓடபிள்யூ' என்றால் காயத்தால் பின்னர் இறந்தவர். இவரைக் கப்பல் மூழ்கிய நாளில் தேடினால் அகப்படமாட்டார், அடுத்தடுத்த நாள்களில் பார்க்க வேண்டும். ஹூட் சங்கத்தின் தளமும் நல்ல உழைப்பு. ஆளுக்கு ஒரு பக்கம், முடிந்தவரை படத்தோடு. குடும்பத்தார் தந்த தகவல் கலந்திருப்பதால் தேதிகளை மட்டும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

சந்தா கட்டும் வம்சாவளித் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் பல பட்டியல்கள் மேலே சொன்ன இலவச இடங்களில் இருப்பவைதான். எழுத்து மாறிய பெயர்களையும் பிடித்துத் தரும் தேடுபெட்டிக்காக ஒரு மாதம் கட்டலாம், கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு. தானாகப் புதுப்பிக்கும் வசதியைக் கட்டிய அன்றே அணைத்துவிடுங்கள். மற்றவர்கள் ஏற்றிய குடும்ப மரத்தில் 'ஹெச்.எம்.எஸ். விக்டரி' என்று பார்த்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பழைய செய்தித்தாள் தளங்களில் ஒரு தந்திரம் பலிக்கும், தேதியில் கவனம் இருந்தால். பார்ஹாம் மூழ்கியது 1941 நவம்பரில். அட்மிரால்டி அதை வெளியில் சொன்னது 1942 ஜனவரி 27 அன்று. உறவினருக்கு முன்பே கடிதம் போனது, வெளியே சொல்லாதீர்கள் என்ற வேண்டுகோளோடு. நவம்பர், டிசம்பர் தாள்களைப் புரட்டி ஒன்றுமில்லை என்று கைவிட்டவர்கள் பிப்ரவரித் தாளைப் பார்த்திருந்தால் உள்ளூர்ப் பையனின் படமே கிடைத்திருக்கும்.

அமெரிக்கக் கப்பல் என்றால் கதையே வேறு. அங்கே கப்பலின் வழியே போகலாம். மஸ்டர் ரோல் எனப்படும் ஆள்பட்டியல்கள் கப்பல்வாரியாக இருக்கின்றன. 1939 முதல் 1949 வரை உள்ளவை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில். பெயர், எண், பதவி, கப்பலில் சேர்ந்த தேதி எல்லாம் வரிசையாக. அதில் சாதாரண மாலுமிகள் மட்டுமே. அதிகாரிகளுக்குக் கப்பலின் நாள்குறிப்பான டெக் லாக் பார்க்க வேண்டும். ஆளின் தனிக் கோப்பு செயின்ட் லூயிஸ் நகரக் காப்பகத்தில். 1973 தீ விபத்தில் எல்லாம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: எரிந்தது தரைப்படை, விமானப்படைக் கோப்புகள், கடற்படைக் கோப்புகள் தப்பின. பணி முடிந்து 62 ஆண்டு ஆகிவிட்டால் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். கப்பல் பெயரை வைத்து ஆளைத் தேடும் வேலைக்கு இதற்கு நிகர் இல்லை. பிரிட்டிஷ் பக்கம் ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு இங்கே வந்தால் கண்ணில் நீர் வரும்.

ஜெர்மானியக் கப்பல்களுக்கு, பிஸ்மார்க் உட்பட, முன்பு 'வாஸ்ட்' என்று அறியப்பட்ட, படைவீரர் பதிவுகளை வைத்திருக்கும் பெர்லின் அலுவலகம். 2019 முதல் அது கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் ஒரு பிரிவு. பழைய பெயருக்கு எழுதப் பழைய வழிகாட்டிகள் சொல்லும், தள்ளிவிடுங்கள்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் இரண்டிலும் தப்பியவர்களைத் தேடுபவர்கள் கடற்படைப் பதிவோடு நின்றால் பாதியில் நிற்பார்கள். தப்பியவர்கள் சிங்கப்பூரில் கரையேறினார்கள். சிலர் வேறு கப்பல்களுக்கும் இலங்கைக்கும் போனார்கள், சிலர் சிங்கப்பூரிலேயே நிறுத்தப்பட்டார்கள். ராயல் மரைன்கள் தரைப்படையின் ஆர்கைல் படைப்பிரிவோடு சேர்க்கப்பட்டார்கள். 'பிளைமவுத் ஆர்கைல்ஸ்' என்ற பெயர் அப்படி வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் இவர்களில் பலர் கைதிகள். அவர்களின் தடம் ஏடிஎம் வரிசையில் நின்று, தரைப்படையின் டபிள்யூஓ வரிசையில் தொடரும். ஜப்பானியர் எழுதிய கைதி அட்டைகள் டபிள்யூஓ 345, விடுதலையானபின் நிரப்பிய கேள்வித்தாள்கள் டபிள்யூஓ 344. அட்டையில் ஜப்பானிய எழுத்து அதிகம். சிறைப்பட்ட இடம், முகாம், பெற்றோர் பெயர் ஆகிய கட்டங்களை மட்டும் தெரிந்தவரிடம் படிக்கக் கொடுத்தால் போதும்.

எல்லா இடத்திலும் தேடியும் ஆள் இல்லை, ஆனால் கப்பலில் இருந்தது நிச்சயம் என்றால், அவர் கடற்படை ஊழியரே அல்லாமல் இருந்திருக்கலாம். கப்பல் கேன்டீனை நடத்திய நாஃபியின் ஆட்கள், சலவைக்காரர்கள், துறைமுகத்தில் அமர்த்தப்பட்ட பணியாட்கள் எல்லாம் ஏடிஎம் 188இல் வரமாட்டார்கள். கப்பலோடு மாண்ட கேன்டீன்காரர்களைப் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பார்க்கலாம். தேடும்போது படைப்பிரிவுக் கட்டத்தை நிரப்பாமல் தேதியை மட்டும் போடுங்கள். ராயல் இந்தியன் நேவியிலோ வணிகக் கப்பலிலோ இருந்த இந்திய மாலுமி கடலில் போயிருந்தால் பெயர் மும்பை, சிட்டகாங் நினைவேடுகளில் இருக்கும். ராயல் இந்தியன் நேவியிடம் பேட்டில்ஷிப் ஒன்றுகூட இருந்ததில்லை. எனவே குடும்பக் கதையில் வரும் 'பெரிய போர்க்கப்பல்' ஸ்லூப் என்ற சிறு போர்க்கப்பலாகவோ சரக்குக் கப்பலாகவோ இருக்கக்கூடும். அப்படி என்றால் பெயரையும் எண்ணையும் அப்படியே வைத்துக்கொண்டு கப்பலை மட்டும் மறந்துவிட்டு மறுபடி தேட வேண்டும்.